யோவாபின் வீட்டில் ஒரு கதிர்: 2 சாமுவேல் 3:29இல் ‘பெலெக்’

‘பெலெக்’ என்னும் எபிரேயச் சொல்லுக்கு அகராதிகள் மூன்று பொருள் தருகின்றன. நீதிமொழிகள் 31:19இல் அது நூல் நூற்கும் கதிர். நெகேமியா 3ஆம் அதிகாரத்தில் எருசலேமையும் பிற ஊர்களையும் சார்ந்த ஆட்சிப் பகுதி. 2 சாமுவேல் 3:29இல், சவுலின் படைத்தலைவன் அப்னேரைக் கொன்ற தன் படைத்தலைவன் யோவாபின் குடும்பத்தைத் தாவீது சபிக்கும்போது, அது ஊன்றுகோல். இந்த மூன்றாம் பொருளுக்கு அந்த ஒரு வசனத்தைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. அங்கேயும் அச்சொல் கதிரையே குறிக்கிறது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

தமிழ் வாசகருக்கு இது தொலைதூரச் சிக்கல் அல்ல. சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, நீதிமொழிகளில் ‘கதிர்’ என்ற அருமையான சொல்லைத் தேர்ந்தது. சாமுவேலிலோ கோலூன்றி நடப்பவனைக் கொண்டுவந்தது. இரண்டு இடத்திலும் மூலத்தில் இருப்பது ஒரே சொல் என்பதைத் தமிழில் மட்டும் படிப்பவர் அறிய வழியே இல்லை. ஜேம்ஸ் அரசரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் இப்படித்தான் பிரிந்து நிற்கிறது.

ஊன்றுகோல் என்று கொள்வோரின் வலுவான சான்று எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பு. அது ‘ஸ்கூதாலே’, அதாவது தடி, என்கிறது. பழமையால் அதற்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே கிரேக்கத் தொகுப்பு நீதிமொழிகளில் ‘அத்ராக்தோஸ்’, அதாவது கதிர், என்று தயக்கமின்றிச் சொல்கிறது. சாமுவேலை மொழிபெயர்த்தவர் வேறொருவராக இருக்கலாம். அவர் சொல்லின் பொருளை அறிந்து தடி என்றாரா, போர்வீரன் கையில் கதிர் பொருந்தாது என்று எண்ணித் தடி என்றாரா என்பதை அந்த ஒரு கிரேக்கச் சொல்லால் தீர்மானிக்க முடியாது. மூலத்தைப் போலவே அவரும் ‘பிடித்திருப்பவன்’ என்றே எழுதினார், ‘சாய்ந்திருப்பவன்’ என்று எழுதவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. சில நூற்றாண்டுகளுக்குப் பின் எபிரேய மூலத்திலிருந்து நேராக இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் இரண்டு இடத்திலும் ‘ஃபூசுஸ்’, கதிர், என்றே எழுதினார்.

இரண்டாம் சான்று யூத ரபிகளின் விளக்கத் தொகுப்பான தால்மூத். அதன் சன்கெத்ரின் பகுதியின் 48ஆவது ஏட்டில், தாவீது யோவாபுக்கு இட்ட சாபங்கள் தாவீதின் சந்ததியிலேயே பலித்தன என்று ஒரு விளக்கம் வருகிறது. தொழுநோய் உசியாவுக்கு, பட்டயம் யோசியாவுக்கு, பெலெக் முதுமையில் கால்நோய் கண்ட ஆசாவுக்கு. அழகான விளக்கம்தான். ஆயினும் ஒவ்வொரு சாபத்துக்கும் தாவீதின் வம்சத்தில் ஓர் அரசனைத் தேடுவது அதன் நோக்கம்; கதிர் பிடித்த அரசன் எவனும் ஏட்டில் இல்லாதபோது கால் நொந்த அரசன் அகப்பட்டான். இதைச் சொல்லாராய்ச்சிக்கு ஆதாரமாக்குவது முறையல்ல.

இனி மூலத்தின் வினைச்சொல்லுக்கு வருவோம். சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. வசனம் ‘மகஸீக் ப-’ என்கிறது. ஒன்றைக் கையால் இறுகப் பற்றியிருத்தல் என்பது அதன் பொருள். கண்ணிழந்த சிம்சோனின் கையைப் பிடித்து நின்ற பையனுக்கு (நியாயாதிபதிகள் 16:26) இதே வினை, இதே உருபு. நெகேமியா 4:21இல் மதில் கட்டியவர்களில் பாதிப் பேர் விடியல் முதல் விண்மீன் தோன்றும்வரை ஈட்டிகளைப் பிடித்திருந்தார்கள். அங்கும் இதே வினை, இதே உருபு. தடியூன்றி நடப்பதைச் சொல்ல எபிரேயத்துக்கு வேறு சொல் உண்டு. அடிபட்டுப் பிழைத்தவன் தடியூன்றி வெளியே நடப்பதைச் சொல்லும் யாத்திராகமம் 21:19இலும், முதியோர் கையில் தடியோடு எருசலேம் தெருக்களில் உட்கார்ந்திருப்பதைச் சொல்லும் சகரியா 8:4இலும் வருவது ‘மிஷ்எனெத்’. அந்த வழக்கமான சொல் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க, அதை விட்டுவிட்டு, ஒரு சாண் ஒன்றரைச் சாண் நீளமுள்ள நூற்கும் குச்சியின் பெயரைச் சாபமிட்டவர் ஏன் எடுத்தார்? தக்ளி என்னும் கைக்கதிரைச் சுழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன்மேல் யாரும் உடலைச் சாய்க்க முடியாது.

அண்டை மொழிகளும் ஒரே குரலில் பேசுகின்றன. அக்காதியத்தில் ‘பிலக்கு’ கதிர். உகாரித்துக் காவியத்தில் அதிராத் தேவி கையில் எடுப்பது ‘ப்ல்க்’. துருக்கியின் தெற்கே காராதெபேயில் 1946இல் வெளிப்பட்ட, கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அசாதிவாதா என்னும் ஆட்சியாளனின் பினீசியக் கல்வெட்டு இன்னும் நெருக்கமானது. முன்பு ஆண்களே நடக்க அஞ்சிய வழிகளில் தன் நாளில் பெண்கள் கதிர்களோடு நடக்கிறார்கள் என்று அவன் பெருமைப்படுகிறான். பக்கத்திலேயே உள்ள லூவிய வாசகமும் அப்படியே சொல்வதால் பொருளில் ஐயத்துக்கு இடமில்லை. ஆணின் அச்சம் ஒரு பக்கம், பெண்ணின் கதிர் மறுபக்கம் என்று அவன் நிறுத்தும் எதிர்நிலையைக் கவனிக்க வேண்டும்.

அந்த எதிர்நிலை அக்காலப் போர்மொழியில் நன்கு பழகியது. இத்தைட்டுப் படைவீரரின் உறுதிமொழியில், சத்தியம் மீறியவன் பெண்ணாக மாறட்டும் என்று பெண்ணுடையும் நூற்கும் கருவியும் கண்ணாடியும் கொண்டுவரப்படுகின்றன, அம்பு முறிக்கப்படுகிறது. அசீரிய அரசன் எசர்கத்தோன் கி.மு. 672இல் செய்த வாரிசுரிமை உடன்படிக்கையின் சாபங்களிலும், கதிரின் சுழற்சியும் பகைவர் முன் பெண்களைப்போல் நடத்தப்படுவதும் அடுத்தடுத்து வருகின்றன. தாவீதின் சாபம் இந்த வரிசையில் இயல்பாகப் போய் உட்காருகிறது.

சாபத்தின் அமைப்பும் இதற்கே துணை நிற்கிறது. அது அடுக்கும் ஐவரில் முதல் இரண்டு பேர், உடற்கசிவுள்ளவனும் தொழுநோயாளியும், எண்ணாகமம் 5:2இன்படி பாளயத்துக்கு வெளியே போக வேண்டியவர்கள். அடுத்த இருவரில் ஒருவன் கையில் பட்டயம் இருக்க வேண்டிய இடத்தில் கதிர். மற்றவன் பட்டயத்துக்கே இரை. ஐந்தாமவன் அப்பத்துக்கு ஏங்குபவன். பட்டியல் முழுவதும் உடல் துன்பமாக இருக்கவேண்டும் என்ற மறுப்பு, பசியையும் போர்ச்சாவையும் நோயாக எண்ணினால்தான் நிற்கும். நெகேமியாவின் ‘பெலெக்’கை ஊழியக் கடமையைக் குறிக்கும் அக்காதிய ‘பில்கு’வோடு இணைத்து, சாபத்திலும் கட்டாய ஊழியத்தைக் காண்பவர்கள் உண்டு; ஊழியத்தைக் கையால் பற்ற முடியாது என்பதற்கு மேல் அதற்குப் பதில் தேவையில்லை.

அதிகாரத்தின் இறுதி இன்னும் தெளிவாகப் பேசுவதாக எனக்குப் படுகிறது. 39ஆம் வசனத்தில் தாவீது, அரசனாக அபிஷேகம் பெற்றும் தான் ‘ரக்’, மென்மையானவன் என்றும், யோவாப் உள்ளிட்ட செருயாளின் மக்கள் தன்னைவிடக் கடினமானவர்கள் என்றும் புலம்புகிறார். உபாகமம் 20:8இல் போருக்கு அஞ்சி வீட்டுக்கு அனுப்பப்படுபவன் நெஞ்சத்துக்கும் இதே ‘ரக்’தான் அடை. கடினமான யோவாபைத் தண்டிக்க இயலாத அரசன், அவனுடைய பிள்ளைகளாவது மென்மையாகட்டும், பட்டயம் பிடித்த அந்த வீட்டில் கதிர் பிடிப்பவன் பிறக்கட்டும் என்று சபிக்கிறார். ஊன்றுகோலை வைத்தால் இந்த இரண்டு வசனங்களுக்கும் இடையிலான பிடிப்பு அறுந்துவிடுகிறது.

கதிர் என்றால் சாபம் பெண்ணின் உழைப்பை இழிவுபடுத்துவதாகிவிடும், திருமறைக்கு அது தகாது என்று கூசுபவர்களின் மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நீதிமொழிகள் குணசாலியான பெண்ணின் கையில் வைத்துப் போற்றும் அதே கருவியை, போர்க்குலத்து ஆண்கள் வசைக்கு எடுத்தார்கள் என்பது வரலாறு. அதை மறைத்துத் தடியாக்குவதால் அந்தப் பெண்களுக்கு எந்த நன்மையும் இல்லை. அவர்களுடைய கருவி வாசகத்திலிருந்து காணாமல் போவதுதான் மிச்சம்.

தமிழில் ஒரு சிறு இடர் உண்டு. ‘கதிர்’ என்றதும் இன்று பலருக்கு நெல்லோ சூரியனோதான் நினைவுக்கு வரும். தக்ளி வகுப்பு பள்ளிகளிலிருந்து மறைந்தபின் அந்தப் பொருள் மங்கிவிட்டது. எனவே தமிழ்த் திருமறையை அடுத்துத் திருத்தும் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள்: 2 சாமுவேல் 3:29இல் ‘நூற்கும் கதிரைப் பிடிப்பவன்’ என்று எழுதுங்கள், ஊன்றுகோலை வேண்டுமானால் அடிக்குறிப்பில் வையுங்கள்.