நீல் தீவும் ஒரு தூக்குக்கயிறு ஜெனரலும்

எங்க தாம்பரத்துப் பக்கத்து வீட்டுக்காரர் போன வாரம்தான் அந்தமான் போயிட்டு வந்தார். செல்போன்ல போட்டோ காட்டிக்கிட்டே, "நீல் ஐலண்டு மாதிரி வராது சார்"னு உருகினார். "அது என்ன நீல், தெரியுமா?"ன்னேன். "கடல் நீலமா இருக்குல்ல, அதான் சார்!"

அவரைச் சொல்லிக் குத்தமில்லை. நானும் ரொம்ப நாளா அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். :-)

ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல். 1810-ல் ஸ்காட்லாந்தின் அயர் பக்கம் பிறந்தவர். 1827-ல் கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பியப் படையில் சேர்ந்தார். பர்மா சண்டை, கிரீமியா சண்டை எல்லாம் பார்த்தவர். 1857-ல் சிப்பாய்கள் எழுந்ததும் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் படையோட கல்கத்தா போய் இறங்கினார். ஹவுரா ஸ்டேஷன்ல தன் ஆட்கள் வந்து சேர்றதுக்குள்ள ரயிலை எடுக்கப் பார்த்தாங்கன்னு ஸ்டேஷன் மாஸ்டரையே காவல்ல வெச்ச ஆள்! (தாம்பரத்துல எட்டரை மணி வண்டியை விடும்போது எனக்கும் தோணியிருக்கு. அது வேற கதை.)

இதுவரைக்கும் சுவாரஸ்யம். இதுக்கப்புறம் ரத்தம்.

ஜூன் 4-ல் காசி, 11-ல் அலகாபாத். ரெண்டு ஊர்லயும் விசாரணைங்கிற பேர்ல தூக்கு மேல தூக்கு. கான்பூருக்கு முன்னாடி அனுப்பின ரெனோங்கிற மேஜர்கிட்ட, குறிப்பிட்ட கிராமங்களைப் பேர் சொல்லி, அழிச்சு ஆண்களைக் கொன்னுடுன்னு எழுத்துல உத்தரவு கொடுத்தார்.

நீலுக்காக வக்காலத்து வாங்குறவங்க எப்பவும் சொல்றது, கான்பூர் பீபீகர்ல வெள்ளைக்காரப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்னதைப் பார்த்துதான் மனுஷன் வெறியானார்னு. பீபீகர் கொடுமை நிஜம், மறுக்க முடியாது. ஆனா அது நடந்தது ஜூலை 15. ரெனோ கிளம்பினது ஜூன் கடைசியில. காலண்டரைப் பாருங்க மக்களே!

கான்பூர் வந்தப்புறம் இன்னும் மோசம். பிடிபட்டவங்க தூக்குக்கு முன்னாடி அந்த ரத்தத் தரையைச் சுத்தம் பண்ணணும், மறுத்தா சவுக்கடின்னு ஜூலை 25-ல் உத்தரவு. நாக்கால நக்க வெச்சதும் உண்டு. ரெண்டே மாசம். செப்டம்பர் 25, லக்னோ தெருவில் தலையில குண்டு பட்டுச் செத்தார்.

அந்த ஆளுக்குத்தான் நம்ம மவுண்ட் ரோட்டுல, ஸ்பென்சர் எதிரே, வெண்கலச் சிலை வெச்சாங்க. அறுபது வருஷத்துக்கு மேல சனங்க அதைப் பார்த்துக்கிட்டே நடந்தாங்க. 1927-ல் திருநெல்வேலி சோமயாஜுலு தலைமையில் போராட்டம் வெடிச்சது. தொண்டர்கள் சுத்தியல், கோடாலியோட போய் சிலையை அடிச்சுட்டு ஜெயிலுக்குப் போனாங்க. காமராஜர் இதுல இறங்கினார். கடலூர் அஞ்சலை அம்மாள் தன் சின்னப் பொண்ணு அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கிட்டு வந்தார். அந்த வருஷம் சென்னை வந்த காந்தி, வன்முறை கூடாதுன்னு நிபந்தனை போட்டுத்தான் ஆதரிச்சார். அம்மாக்கண்ணுக்கு லீலாவதின்னு பேர் வெச்சு வார்தாவுக்குக் கூட்டிட்டுப் போனதும் அவர்தான்.

சிலையை எடுக்கணும்னு சட்டசபையில வந்த தீர்மானம் தோத்துப்போச்சு. பத்து வருஷம் கழிச்சு, 1937-ல் ராஜாஜி ஆட்சியில சத்தமில்லாம எழும்பூர் மியூசியத்துக்குக் கொண்டு போனாங்க. உடைக்கலை. எனக்கு அதுல சந்தோஷம்தான், உடைச்சிருந்தா இந்தக் கதையை எதைக் காட்டிச் சொல்றது? அயர் ஊர்ல இன்னொரு சிலை இப்பவும் நடு சதுக்கத்துல நிக்குது.

தீவோட பேர் மட்டும் 2018 டிசம்பர் வரைக்கும் நீல்தான். இப்ப ஷகீத் தீவு, அதாவது தியாகி தீவு.

இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட மூச்சு விடாம சொன்னேன். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம், "படகு டிக்கெட்ல ஷகீத்னு போட்டிருந்துச்சு சார், நான்தான் வேற தீவுக்குக் கொடுத்துட்டாங்கன்னு கவுன்ட்டர்ல சண்டை போட்டேன்"னார்.