தண்ணீர்மலைப் புல்வெளியும் எங்கள் வீட்டு அறுகும்



பினாங்கில் தைப்பூசம் வரும் காலமும் எங்கள் வீட்டு முற்றத்துப் புல் காயும் காலமும் ஒன்று. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் தீவு இது. ஆயினும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வானம் கைவிரித்துவிடும். எல் நினோ ஆண்டுகளில் அவ்வறட்சி மேலும் நீளும்.

சென்ற முறை புல் காய்ந்தபோது, அண்டை வீட்டார் பலரைப் போல நானும் முற்றம் முழுவதற்கும் சிமெண்டு போட்டுவிடலாம் என எண்ணினேன். கொத்தனாரிடம் விலையும் கேட்டுவிட்டேன். அந்த வாரத்தில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டான். "சார், தண்ணீர்மலையில்தான் அவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, பிறகு ஏன் அங்கேயும் புல் காய்கிறது?"

உடனே விடை சொல்ல இயலவில்லை. அவனுக்காகத் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

புல்வெளியா, குடிநீரா?

தாவரவியல் பூங்காவையும் முருகன் கோயிலையும் உள்ளடக்கிய பகுதியை நம் மக்கள் தண்ணீர்மலை என்றே அழைக்கின்றனர். அங்குள்ள அருவியே ஜார்ஜ் டவுனின் தொடக்ககாலக் குடிநீர் ஊற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்நீரை நகருக்குக் கொண்டுவரக் கால்வாய் அமைத்தனர்.

1884ஆம் ஆண்டு, அருவியின் அடிவாரத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த கருங்கல் குவாரி ஒன்றில் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்னும் ஆங்கிலேயர் பூங்காவை உருவாக்கத் தொடங்கினார். 1903 வரை அவரே அதன் பொறுப்பாளர். கல் வெட்டி எடுத்த குழியைப் பசும்புல் போர்த்திய பூங்காவாக்கியது எளிய செயலன்று.

ஆனால் 1910இல் அப்பூங்காவுக்கு ஆபத்து வந்தது. நகரம் வளர்ந்தது, குடிநீர் போதவில்லை. பூங்கா இருந்த பள்ளத்தாக்கில் நீர்த்தேக்கம் கட்டும் நோக்கத்துடன் அந்நிலம் நகராண்மைக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1912இல் அத்திட்டம் கைவிடப்பட்டுப் பூங்கா மீண்டது. இன்று குழந்தைகள் உருண்டு விளையாடும் புல்வெளி நீருக்கடியில் போயிருக்க வேண்டியது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

பின்னர் நகருக்கான நீர் வேறிடங்களில் தேடப்பட்டது. 1929இல் கில்மார்ட் நீர்த்தேக்கம், 1962இல் ஆயர் ஈத்தாம் அணை, 1999இல் தெலுக் பகாங் அணை எனப் பட்டியல் நீண்டது. இன்று மாநிலத்தின் நீரில் பெரும்பகுதி பெருநிலத்து மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. தீவுக்கு அது கடலடிக் குழாய்களின் வழியே வந்து சேர்கிறது.

ஆகவே மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: தண்ணீர்மலையின் தண்ணீர் மனிதருக்குப் போகிறது, புல் மழைக்குக் காத்திருக்கிறது. வள்ளுவரும் வான்சிறப்பு அதிகாரத்தில் மழையின் அருமைக்குப் பசும்புல்லைத்தானே சான்றாகக் காட்டினார்!

வந்த புல்லும் இருந்த புல்லும்

வீட்டின் முன் புல்லைச் சீராக வெட்டி வைக்கும் வழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கு வெயில் மிதம். தூறலோ ஆண்டு முழுவதும் உண்டு. 1830இல் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்தை உருவாக்கும் வரை, அங்கும் ஆட்களே அரிவாளால் வெட்டினர். உணவு விளையாத நிலத்தை ஆள் வைத்துப் பேணுவது செல்வரின் அடையாளமாக இருந்தது. அந்த ஆசை குடியேற்ற ஆட்சியுடன் கப்பலேறிப் பினாங்குக்கும் வந்து, கடற்கரைப் பாடாங்கிலும் துரைமார் பங்களாக்களிலும் பசுமையாய்ப் படர்ந்தது.

இங்கிலாந்துப் புல் நம் வெயிலில் நிலைக்காது. ஆகவே வெப்பநாட்டுப் புல்லையே பயன்படுத்த வேண்டும். இன்று மலேசியாவில் எங்கும் காணப்படும் அகன்ற இலையுடைய 'கவ் கிராஸ்' வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. நிழலைத் தாங்கும், மழையில் செழிக்கும். ஆனால் வேர் மேலாகவே ஓடுவதால் வறட்சி வந்தால் முதலில் துவள்வதும் அதுவே. எங்கள் முற்றத்திலும் பெரும்பகுதி அதுதான்.

வாசற்கதவின் ஓரத்தில் மட்டும் வேறொரு புல் உண்டு. அது அறுகு. பிள்ளையாருக்காகத் தாத்தா நட்டது.

தாத்தா சொன்ன பாடம்

தாத்தா நகராண்மைக் கழகத்தில் புல் வெட்டும் வேலை பார்த்தவர். நீண்ட கைப்பிடியுடைய வளைந்த கத்தியை வீசி வீசி வெட்டுவாராம். நான் சிறுவனாக இருந்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். ஒருநாள் அப்பா முற்றத்துப் புல்லை ஒட்ட வெட்டியபோது, "மொட்டையடிக்காதே தம்பி, மண்ணு வெந்துடும்" என்றார். அப்போது அது எனக்கு வெறும் பேச்சாகவே பட்டது.

இப்போது அதன் பொருள் விளங்குகிறது. இலை உயரமாக நின்றால் மண்ணுக்கு நிழல். நிழல் இருந்தால் ஈரம் நிற்கும். இலை குறைந்தால் வேரின் வளர்ச்சியும் குறையும். அறுகு கோடையில் மேலே மஞ்சளானாலும், மண்ணுக்குள் ஓடும் தண்டில் உயிரை வைத்திருக்கும். மழை பெய்த சில நாளிலேயே துளிர்த்துவிடும். அதற்கு ஒரே நிபந்தனை, நல்ல வெயில் வேண்டும். நிழலில் அது நிலைக்காது.

சிமெண்டு வேலை வேண்டாமெனக் கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். இப்போது நான் கடைப்பிடிப்பவை இவை:

1. வறட்சிக் காலத்தில் புல்லை ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் உயரத்திற்கு விடுகிறேன். ஒரே முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவதில்லை.
2. வெட்டிய துண்டுகளை அள்ளி எறியாமல் அங்கேயே பரப்புகிறேன்.
3. நாள்தோறும் தெளிப்பதை விட்டு, வாரம் ஒருமுறை விடியற்காலையில் ஆழமாக நனைக்கிறேன். அரிசி கழுவிய நீரும் அங்கேதான் போகிறது.
4. தண்ணீர்த் தடை அறிவிக்கப்பட்டால் புல்லுக்கு நீர் இல்லை. அது உறங்கட்டும்.
5. மாமர நிழலில் கவ் கிராஸ்; வெயில் படும் இடமெல்லாம் அறுகு. தாத்தாவின் அறுகிலிருந்து தண்டுகளை எடுத்துக் கையகல இடைவெளியில் நட்டேன். அடுத்த மழைக்குள் இடைவெளி மூடிவிட்டது.

கர்ட்டிஸின் பெயரை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. அது நியாயமே. ஆனால் இந்நகரத்தின் புல்வெளிகளை வெயிலில் நின்று வெட்டிய கைகளின் பெயர்களை நான் படித்த எந்தப் பக்கத்திலும் காணவில்லை. எங்கள் தாத்தாவின் பெயரும் அவற்றுள் ஒன்று. அவர் விட்டுச் சென்றது வாசலோரத்து அறுகும், ஒரு வரிப் பாடமும்தான்.

மணமக்களை 'அறுகுபோல் வேரோடி' என்று நம் பெரியோர் வாழ்த்துவது ஏன் என்று அடுத்த வாரம் மாணவர்களைக் கேட்கப் போகிறேன். விடை சொல்லுமுன் ஒரு பிடி அறுகைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்வேன். உங்கள் வீட்டிலும் தாத்தா பாட்டி நட்ட செடியோ புல்லோ இருந்தால், சிமெண்டு போடுமுன் அதன் கதையை ஒருமுறை பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.