சூளையில் சுட்ட கல்வி

செய்து கற்கும் கல்வியின் சிறப்பை உணர, அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றில் ஓர் ஏட்டைப் புரட்டிப் பார்ப்போம்.

அடிமையாய்ப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன், 1881-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4-ஆம் நாள், அலபாமா மாநிலத்து டஸ்கிகீயில் பள்ளியொன்றைத் தொடங்கி நடத்தினார். சொந்தக் கட்டடம் இல்லை. செங்கல் வாங்கப் பணமும் இல்லை. மாணவர்களே மண் பிசைந்து சூளையிட்டனர். மூன்று முறை சூளை பழுதாயிற்று. வாஷிங்டன் தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளையிட்டார். அது வெற்றி கண்டது. அச்செங்கல்லை வெள்ளையரும் விலை கொடுத்து வாங்கினர். பள்ளிக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றை மாணவர்களே எழுப்பினர். தொழிலும் கைவரப் பெற்றனர்.

எனினும், தொழிற்பயிற்சி மட்டும் போதாது, உயர்கல்வியும் உரிமையும் வேண்டும் என்று 1903-இல் டு பாய்ஸ் என்னும் பேரறிஞர் வாதிட்டார். அது நமக்கும் பொருந்தும். 1953-இல் சென்னை மாநிலத்தில் வந்த குலக்கல்வித் திட்டம் கடும் எதிர்ப்புக்குள்ளாகி, 1954-இல் கைவிடப்பட்டதை நாம் அறிவோம். பிறப்பால் சுமத்தப்படும் தொழில் வேறு. தாமே தேர்ந்து, திட்டமிட்டு, செய்து முடித்துக் கற்கும் தொழில் வேறு.

இளைஞர்களே! ஏட்டைக் கைவிடாதீர்கள், கருவியையும் இகழாதீர்கள். இரண்டையும் ஏந்திய கை பிறரிடம் ஏந்தி நிற்காது.