சொல் இல்லாத பாட்டு: டெக்சாஸ் கிட்டாரும் சிதம்பரம் மல்லாரியும்

"இதுல யாருடா பாடுவாங்க?"

குறிஞ்சிப்பாடி கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நண்பன் கேட்டது இது. என் இயர்ஃபோனில் ஒரு பக்கத்தை வாங்கிக் காதில் வைத்து, முழுசாக ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டான். பிறகு கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு இப்படிக் கேட்டான். யாரும் பாட மாட்டாங்க என்றேன். "அப்புறம் என்னத்தக் கேக்குற?" என்றான். அன்றைக்கு எனக்குச் சரியான பதில் வரவில்லை. அதைத் தேடப் போய்த்தான் இந்தக் குறிப்பு.

அவன் கேட்டது 'எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை' என்ற அமெரிக்கக் குழுவின் 'யுவர் ஹேண்ட் இன் மைன்'. 2003இல் வந்த 'தி எர்த் இஸ் நாட் எ கோல்ட் டெட் ப்ளேஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. ஆல்பம் முழுக்கவே ஐந்து பாட்டுதான். ஆனால் முக்கால் மணி நேரம் ஓடும். ஒரு சொல் கிடையாது. இந்த வகைக்கு 'போஸ்ட்-ராக்' என்று பெயர். 1994இல் சைமன் ரெனால்ட்ஸ் என்ற விமர்சகர் எழுதியதிலிருந்து அந்தப் பெயர் பரவியது. ராக் இசைக்குரிய அதே கிட்டார், அதே டிரம்ஸ்தான். ஆனால் பல்லவி, சரணம், பாடகர் என்ற கட்டு கிடையாது. ஒரு சின்ன மெட்டு மெதுவாகக் கிளம்பும், அதன் மேல் இன்னொன்று ஏறும், டிரம்ஸ் தூரத்து இடி மாதிரி உருளும், கடைசியில் எல்லாம் சேர்ந்து கொட்டும்.

இந்தக் குழு 1999இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் தொடங்கியது. நால்வரில் மூன்று பேர் மிட்லண்ட் என்ற ஊர்க்காரர்கள். அது எண்ணெய்க் கிணற்று ஊர். வெட்டவெளி, வெயில், பூமியிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டே இருக்கும் இயந்திரங்கள். 2004இல் அந்தப் பகுதிப் பள்ளி மாணவர்களின் கால்பந்து பற்றி வந்த 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' படத்துக்கு இவர்களே இசையமைத்தார்கள். எனக்கு இவர்கள் உடனே ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். நம்ம பக்கத்திலும் வடலூர் தாண்டினால் நெய்வேலி. பல பத்தாண்டுகளாகப் பூமியைத் தோண்டிக்கொண்டே இருக்கிறோம். பஸ்ஸில் போகும்போது அந்தச் சுரங்க மண்மேடுகளையும் புகைபோக்கிகளையும் பார்த்துக்கொண்டு இந்தக் கிட்டாரைக் கேட்டிருக்கிறேன். பொருத்தமாக இருக்கும்.

ரொம்ப நாள் இது எனக்குப் புதிய காது கொடுத்தது என்றே நினைத்திருந்தேன். அந்த நினைப்பு ஒரு ஆனித் திருமஞ்சனத் தேர் அன்று சிதம்பரத்தில் உடைந்தது.

சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் மூலவர் நடராசரே தேருக்கு வருவார். விடிவதற்கு முன்பே கீழவீதியில் கூட்டம். சாமி வரும் முன்னே நாதஸ்வரமும் தவிலும் வந்துவிடும். அவர்கள் வாசித்தது மல்லாரி. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே கேட்டேன். மெதுவாக ஒரு வட்டம். அதே வட்டம் இரண்டாம் காலத்தில். பிறகு மூன்றாம் காலத்தில். தவில் உருண்டு உருண்டு ஏறுகிறது. அட, இது எனக்குத் தெரிந்த இசைதானே என்று தோன்றியது!

மல்லாரி என்பது நாதஸ்வரத்துக்கென்றே உள்ள உருப்படி. அதற்குச் சாகித்தியம் கிடையாது. சுரமும் தாளமும் மட்டும்தான். பெரும்பாலும் கம்பீரநாட்டையில் வாசிப்பார்கள். ச, க, ம, ப, நி என்று ஐந்தே சுரங்கள் உள்ள ராகம். சாமி புறப்பாட்டில் முதலில் இதுதான். மற்ற ராகங்களும் பாட்டுகளும் இதற்கு அப்புறம். மல்லாரியிலேயே வகைகள் உண்டு. திருமஞ்சனத்துக்குத் தண்ணீர் எடுத்து வரும்போது தீர்த்த மல்லாரி. மடப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி. தேருக்குத் தேர் மல்லாரி. நாலு வீதி தள்ளி வீட்டுக்குள் இருப்பவருக்கும், கோயிலில் இப்போது என்ன நடக்கிறது என்று காது சொல்லிவிடும். சொல் இல்லை, ஆனால் செய்தி இருக்கிறது.

கிட்டார்க் குழுவுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் பாட்டு வளர்வது பெரும்பாலும் சத்தத்தால். ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, கிசுகிசுப்பில் தொடங்கி இடியில் முடிக்கலாம். நாதஸ்வரம் திறந்த வெளிக்கான வாத்தியம். எடுத்த எடுப்பிலேயே வீதி நிறைய வேண்டும். அதனால் மல்லாரி காலத்தால் வளர்கிறது, கணக்கால் வளர்கிறது. அதே சுரவரிசை இரண்டு மடங்கு, நாலு மடங்கு வேகத்தில், பிறகு திஸ்ரத்தில் மூன்று மூன்றாக மடங்கி வரும். உடம்பில் ஏறுவது என்னவோ ஒன்றுதான்.

இப்போது வரலாற்றுக்கு வருகிறேன். சிதம்பரத்தின் இசை வரலாறு என்று நாம் எழுதி வைத்திருப்பதெல்லாம் சொல்லின் வரலாறு. தேவார மூவர், முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, நந்தனார் சரித்திரம் எழுதிய கோபாலகிருஷ்ண பாரதி. 1929இல் அண்ணாமலை செட்டியார் இங்கே இசைக்கல்லூரி தொடங்குகிறார். 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம். கேள்வி ஒன்றே: மேடையில் எந்த மொழியில் பாடுவது? 2008இலும் அதே கேள்விதான். அரசாணைக்குப் பிறகு சிவனடியார் ஆறுமுகசாமி போலீஸ் பாதுகாப்போடு சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடினார். அது நியாயமான சண்டை. நானும் அதில் தமிழ்ப் பக்கம்தான்.

ஆனால் அத்தனை காலமும் அதே வீதியில் எந்த மொழியும் இல்லாமல் ஒரு இசை போய்க்கொண்டிருந்ததே, அதை வாசித்தவர்கள் இந்த வரலாற்றில் எங்கே?

அவர்களுடைய சண்டை வேறாக இருந்தது. மொழிக்கு முன்னால் தோளில் கிடக்கும் துண்டுக்கே அவர்கள் போராட வேண்டியிருந்தது. சுயமரியாதை இயக்கத்தின் ஆரம்ப வருடங்களில் கானாடுகாத்தானில் ஒரு ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து வாசிக்கிறார். வியர்வை துடைக்கத் தோளில் போட்டிருந்த துண்டை எடுக்கச் சொன்னார்கள். எடுக்க வேண்டாம் என்று கூட நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. மணிக்கணக்காக நடந்துகொண்டே ஊதுகிறவன் துண்டு போடக்கூடாது என்றால், அங்கே கேட்பவர்களுக்கு இசை மட்டும் போதும், இசைக்கிறவன் மனிதனாக இருக்க வேண்டியதில்லை என்றுதானே அர்த்தம்?

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இதைத் தன் உடம்பாலேயே மாற்றினார். குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்தார். சட்டை போட்டார், ஷெர்வானி போட்டார். வாய்ப்பாட்டுக்காரர் மாதிரி மேடையில் உட்கார்ந்து வாசித்தார். வாத்தியத்தையும் விட்டுவைக்கவில்லை. உச்ச சுருதியில் கிறீச்சிடும் குட்டையான திமிரிக்குப் பதிலாக, நீளமான, கனத்த குரலுள்ள பாரி நாயனம் அவரால்தான் பரவியது. அதைச் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி. ஆச்சா மரத்தில் கடைந்த அந்த நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ராஜரத்தினம் பிள்ளை என்றால் தோடி. திருவிழாவில் மணிக்கணக்கில் விரியும் ராக ஆலாபனை. அந்தக் காலத்துக் கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். அதற்குள் அந்தத் தோடியை அடைத்துக் கொடுத்தார்கள். அதை நம் தாத்தாக்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஆலாபனைக்கு ஏது வரி? இதுல யாரு பாடுவாங்க என்று அவர்களில் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. வரியில்லாத பாட்டு நமக்குப் புதுசு இல்லை. நாம்தான் இடையில் மறந்துவிட்டோம். சினிமாவுக்கும் இதில் பங்கு உண்டு.

நண்பனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். "உன் கல்யாணத்துல தாலி கட்டும்போது என்ன பாட்டு வாசிச்சாங்க?"

"பாட்டு ஏது, கெட்டி மேளம்தான்."

"அதுல யாரு பாடினாங்க?"

சிரித்தான். ஆனால் அடுத்து அவன் கேட்டதுதான் என்னை உட்கார வைத்தது. "அன்னிக்கு வாசிச்சவங்க பேரு தெரியுமா ஒனக்கு?" எனக்கும் தெரியவில்லை, மாப்பிள்ளையான அவனுக்கும் தெரியவில்லை. பத்திரிகையில் மண்டபத்தின் பெயர், மாமன்கள் பெயர் எல்லாம் இருந்தன.

முனாஃப் ரயானி, மார்க் ஸ்மித், மைக்கேல் ஜேம்ஸ், கிறிஸ் ஹ்ராஸ்கி. எங்கேயோ டெக்சாஸில் சொல் இல்லாமல் வாசிக்கும் நாலு பேரின் பெயரை என்னால் தூக்கத்திலும் சொல்ல முடியும். என் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், விடியற்காலையில் எனக்கு மல்லாரி வாசித்தவர்களின் பெயரை நான் கேட்கக்கூட இல்லை. சுயமரியாதை, துண்டு, மேடை என்று இவ்வளவு எழுதுகிறேனே, கூட்டத்தில் நானும் இசையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவன்தான்.

வருகிற ஆனியில் நண்பனும் வருகிறேன் என்கிறான். தேர் நிலையிலிருந்து கிளம்பும் முன்பே போய்விடுவோம். அவர்கள் சீவாளியை நனைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் நேரம் அது. முதலில் பெயர் கேட்க வேண்டும். மல்லாரி அப்புறம்.