எழும்பூரில் பெல் எடுத்துக்கொண்டது எது? சட்டாம்பிள்ளை, மானிட்டர், மணல்

திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைதான் இங்கிலாந்துக்குப் போய் ‘மானிட்டர்’ ஆனான் என்று நம்மில் பலர் எழுதியும் பேசியும் வருகிறோம். இதற்கு அடித்தளம் இட்டது தரம்பாலின் ‘அழகிய மரம்’ (1983). எழும்பூர் ஆண் அனாதை விடுதியில் ஆண்ட்ரூ பெல் நடத்திய சோதனை, 1797இல் லண்டனில் அவர் அச்சிட்ட சிறுநூல், அதிலிருந்து பெயர்பெற்ற, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் ‘சென்னை முறை’, முறையைக் கண்டவர் யார் என்று ஜோசப் லங்காஸ்டர் தரப்போடு எழுந்த சர்ச்சை ஆகியவை அறிந்த செய்திகள். மாணவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் வழக்கங்களில் எதைப் பெல் இங்கிருந்து எடுத்துக்கொண்டார் என்பதே இங்கு ஆராயப்படுவது.

தரம்பாலுக்கு நாம் பட்ட கடன் பெரிது. தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிவைத்த கணக்கெடுப்பின் கலெக்டர் அறிக்கைகளை அவர் தொகுத்து வெளியிட்டிராவிட்டால், சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்தார்கள் என்ற செய்தி பொதுவாசகரை எட்டியிருக்காது. மானிட்டர் முறை இந்தியாவிலிருந்து போனது என்பதையும் அவர் ஒரு தயக்கச் சொல்லோடுதான் குறிப்பிடுகிறார். ஆனால் அந்த நூலில் அருகருகே நிற்கும் சாட்சியங்கள் வாசகரைத் தயக்கத்துக்கு இடமில்லாத முடிவுக்கே இட்டுச் செல்கின்றன. அவற்றுள் முதன்மையானவை இரண்டு: மலபாரைப் பற்றி அலெக்சாண்டர் வாக்கர் எழுதியதும், பெல்லாரி கலெக்டர் ஏ.டி. காம்ப்பெல் 1823 ஆகஸ்ட் 17 அன்று அனுப்பிய அறிக்கையும்.

காம்ப்பெல்லின் அறிக்கை அருமையான ஆவணம். பள்ளிக்கு முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள், இரண்டாமவன் கையில் சுழி, மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, அடுத்தவனுக்கு இரண்டு, அப்படியே ஏறிக்கொண்டு போகும். கண்ணால் பார்த்தவரோ பார்த்தவரிடம் கேட்டவரோதான் இப்படி எழுத முடியும். அதே அறிக்கையில், முன்னேறிய மாணவர் பின்தங்கியவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைப் புகழ்ந்துவிட்டு, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்கிறார். தரம்பால் வழி வந்தவர்கள் சாய்ந்து நிற்பது இந்த வரியின் மேல்தான்.

இந்த வரியை நான் ஏற்கத் தயங்குவதற்கு முதற்காரணம் காலம். பெல் எழும்பூரை விட்டு 27 ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டது இது. அதற்குள் 1811இல் பெல்லின் முறையைப் பரப்பும் தேசியச் சங்கம் தோன்றி, அந்த முறை இங்கிலாந்தெங்கும் பரவிவிட்டது. பிள்ளைகள் நான்கு வகுப்பாகப் பிரிந்து, கீழ்வகுப்புகள் மானிட்டர்களின் பொறுப்பில் இருந்தன என்று காம்ப்பெல் எழுதும்போது பெல்லாரித் திண்ணையைத்தான் காண்கிறாரா, அதன்மேல் லண்டன் பள்ளியைப் பொருத்திக் காண்கிறாரா? முறை இந்தியாவிலிருந்து போனது என்னும் வாக்கரின் கூற்றுக்கும் இதே கேள்வி பொருந்தும். உள்ளங்கைச் சரஸ்வதி நேர்க்காட்சி. இங்கிலாந்து பற்றிய வரி அன்று பரவியிருந்த கருத்தின் எதிரொலி என்பதே என் வாசிப்பு. ஓர் அறிக்கையின் எல்லா வரிகளுக்கும் ஒரே சாட்சி மதிப்புக் கிடையாது.

இரண்டாவது காரணம் அளவு. பெல்லாரியில் 533 பள்ளிகள், 6,641 மாணவர்கள்: பள்ளிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பேர். மாகாணம் முழுவதற்கும் கணக்கிட்டாலும் ஏறத்தாழப் பதினைந்துதான். லங்காஸ்டரின் பெருமையோ ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளை நடத்தலாம் என்பது. பதினைந்து பேரை மேய்க்கச் செலவு குறைக்கும் உத்தி எதற்கு? திண்ணையில் ஒருவன் அரிச்சுவடியில் இருப்பான், இன்னொருவன் எண்சுவடியில், மற்றொருவன் நிகண்டில். மூத்தவன் இளையவனின் பாடத்தைக் கேட்டுத் திருத்துவது அங்கே இயல்பாக விளைந்த வழக்கம்.

இனி பெல்லின் பக்கம். ராபர்ட் சதே எழுதத் தொடங்கி அவர் மகன் முடித்த பெல் வரலாற்றின்படி, காலையில் குதிரையில் போகும்போது பெல் ஒரு நாட்டுப் பள்ளியைக் கடந்தார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தன் விடுதியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். உதவியாசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. அதனால் எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். ஒரு சிப்பாயின் மகனான அந்தச் சிறுவன் செய்துகாட்டினான். ஆக, நாட்டுப் பள்ளியிலிருந்து வந்தது மணல். சிறுவன் ஆசிரியனானது பெரியவர்களின் மறுப்பால். அந்தக் குதிரைச் சவாரி 1789க்கும் 1796க்கும் இடையில் நடந்தது என்பதற்கு மேல் ஆண்டை இறுக்க நான் விரும்பவில்லை.

பெல் சட்டாம்பிள்ளையையும் பார்த்துவிட்டு மறைத்திருக்கலாமே என்று கேட்கலாம். முறையைக் கண்ட பெருமைக்கு உரிமை கோரியவருக்கு மறைக்கக் காரணம் உண்டுதான்; அவருடைய மௌனம் எந்தப் பக்கத்துக்கும் முழுச் சாட்சியாகாது. ஆனாலும் மணலை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் மற்றதை மட்டும் மறைத்தார் என்றால், அதை நிறுவும் சுமை அப்படிச் சொல்பவருடையது. அந்தச் சுமையை இதுவரை யாரும் சுமந்ததாகத் தெரியவில்லை.

பெல்லுக்கு மிக முந்திய ஒரு சாட்சி உண்டு. அதைத் தனியாக எடுத்துப் படிக்க வேண்டும். 1623 நவம்பரில் கன்னட நாட்டு இக்கேரிக்குப் போகும் வழியில், இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்களைக் கண்டார். எண்களைப் பாட்டாக இசைத்தபடி தரையில் பரப்பிய மணலில் எழுதினார்கள். நிறைந்ததும் புது மணல் தூவினார்கள். ஆசிரியர் இல்லை. மறந்துபோனால் யார் திருத்துவார் என்று கேட்டார். நால்வருக்கும் ஒரே நேரத்தில் ஒரே இடம் மறக்காது, ஒருவன் தடுமாறினால் மற்றவர் சொல்வோம் என்று பதில் வந்தது. இந்தக் காட்சியில் தலைவனே இல்லை, பிரம்பும் இல்லை. இதையும் சட்டாம்பிள்ளையையும் ஒரே முறையின் இரு பெயர்களாக எண்ணுவதுதான் அடிப்படைப் பிழை என்று கருதுகிறேன். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ காட்டும் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை உபாத்தியாயரின் பதிலாள். அதிகாரம் மேலிருந்து வருகிறது. இக்கேரிச் சிறுவர்களிடம் அது சுற்றி வருகிறது. இவற்றுள் எது முந்தியது என்பதற்கு இந்தச் சான்றுகள் விடை தரா.

எழும்பூர் இரண்டுக்கும் இடைப்பட்டது. அங்கே கற்பித்த சிறுவன் தானும் கற்றுக்கொண்டிருந்தான். வகுப்பில் எவருடைய இடமும் நிலையானதல்ல. குற்றங்களை விசாரிக்கச் சிறுவர்களே நடுவராக அமர்ந்தார்கள். அங்கு படித்த பதினேழு வயது வில்லியம் ஸ்மித் 1794இல் தூதுக்குழுவோடு திப்பு சுல்தானிடம் சென்று அறிவியல் கருவிகளை இயக்கிக் காட்டினான். 1797 நூலின் தலைப்பே, ஒரு பள்ளி தனக்குத் தானே கற்பித்துக்கொள்ளலாம் என்கிறது. இங்கிலாந்தில் பரவியபோது இந்த உயிர் மெலிந்தது. எண்ணிக்கை பெருகப் பெருக மானிட்டர் ஒழுங்கைக் காக்கும் காவலனானான். 1846இல் அங்கே ஊதியம் பெறும் மாணவ ஆசிரியர் முறை வந்து அவன் இடத்தைப் பிடித்தது.

நம் காலத்துக்கு வந்தால், 2007 முதல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், பாடங்களை வரிசைப்படுத்திய ஏணிப்படியில் அவரவர் நிலைக்கேற்ப அமரும் குழுக்களுள், சக மாணவர் துணையோடு கற்கும் குழுக்களும் இருந்தன. அதன் நேர்மூலம் ரிஷிவேலிப் பள்ளியின் கற்பித்தல் முறை. திண்ணையிலிருந்தோ எழும்பூரிலிருந்தோ அதற்குத் தொடர்ச்சியான கோடு இழுக்க ஆதாரமில்லை. அமைப்பால் அது நெருங்கி நிற்பது காம்ப்பெல் புகழ்ந்த ஏற்பாட்டைவிட, தெல்லா வல்லே கண்ட நால்வரோடுதான்.