‘கொட்டாஞ்சேனை வருவதில்லை’: ஒரு திருத்தக் குறிப்புக்கு உரை

திறந்த மூல மென்பொருள் ஒன்றுக்கு முதன்முறையாகத் திருத்தம் அனுப்பப்போகும் கொழும்புப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய மாதிரிக் குறிப்பு இது. நடப்பில் ஆங்கிலத்தில்தான் போகும். உரை சொல்ல வசதியாகத் தமிழில் தருகிறேன்.

“தேடலில் ‘கொட்டாஞ்சேனை’ என்று தட்டினால் பதிவு வருவதில்லை, ‘வெள்ளவத்தை’ வருகிறது. இதை முன்னர் எவரும் அறிவித்ததாகக் காணவில்லை. ஒகரக் குறி இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டிருப்பதே காரணம். திருத்தமும் ஒரு சோதனையும் இணைத்துள்ளேன், வேறெதையும் தொடவில்லை. வேறு வழி விரும்பினால் மாற்றித் தருகிறேன். இதைத் தரும் உரிமை எனக்குண்டு.”

‘கொட்டாஞ்சேனை… வருவதில்லை, வெள்ளவத்தை வருகிறது’

‘டியர் சேர்’ என்று தொடங்கவில்லையே, மரியாதைக் குறைவில்லையா என்று கேட்பார்கள். இல்லை. வாசிப்பவர் பெரும்பாலும் சம்பளமில்லாமல், வேலை முடிந்து வந்து உட்காருகிற ஒருவர். ‘தேடல் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால், எது, எங்கே, எப்போது என்று அவர் திரும்பக் கேட்கவேண்டும். இங்கே வராத சொல்லும் வந்த சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கொழும்பின் கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் எந்த நாட்டில் இருக்கின்றன என்றே தெரியாதவரும் தன் கணினியில் தட்டிப் பார்க்கலாம்.

வேற்றூரார்க்கும் விளங்கும்படி எழுதுவது சின்ன விஷயமில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனோடு சேர்ந்து இலங்கைத் தொண்டர்கள் எழுதிய ‘சஹானா’ அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், மறு வருடமே பாகிஸ்தான் பூகம்பத்துக்கும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் போய்ச் சேர்ந்தது. இப்படி ஊர் விட்டு ஊர் போகிற நிரலைப் பற்றி நம் தெருவுக்கு மட்டும் விளங்குகிற மாதிரி எழுதி என்ன பயன்?

‘முன்னர் எவரும் அறிவித்ததாகக் காணவில்லை’

தேடிப் பார்த்தேன் என்பது பொருள். தேடாமல் இதை எழுதக் கூடாது.

‘ஒகரக் குறி இரண்டு விதமாக’

குறிப்பின் உயிர் இந்த வரி. ‘கொ’வின் ஒகரக் குறிக்கு யுனிகோடில் தனிக் குறியெண் உண்டு. அதையே கொம்பு ஒன்று, அரவு ஒன்று என இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய ஆவணங்களில் இப்படிப் பிரிந்து கிடப்பதுண்டு. ‘வெள்ளவத்தை’யில் இருபுறமும் நிற்கிற குறி இல்லாததால் அது தப்பிவிட்டது. இரண்டு வடிவமும் சமம் என்று யுனிகோட் தரமே விதித்திருக்கிறது. எனவே சேமித்த சொல்லையும் தேடும் சொல்லையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் போதும். உதாரணமாக, பைத்தான் நிரல்மொழியில் அதற்குத் தயாரான செயற்கூறு உண்டு.

ஔகாரத்தில் வேறொரு வில்லங்கம். கொம்புக்குப் பின்னால் ளகர எழுத்தையே தட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். யுனிகோட் அதைச் சமமென்று ஏற்பதில்லை, இந்தத் திருத்தம் அதைத் தீர்க்கவும் செய்யாது. அது வேறு வழு. வேறு குறிப்பாகத்தான் போகவேண்டும்.

‘வேறெதையும் தொடவில்லை’

கோப்பைத் திறந்ததும் இடைவெளிகளையெல்லாம் தன் விருப்பத்துக்கு அடுக்கிவிடுகிற எடிட்டர்கள் உண்டு. மூன்று வரி மாற்றம் முந்நூறு வரியாகத் தெரியும்; சரிபார்ப்பவர் மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார். சோதனை என்பது இரண்டு வடிவத்திலும் ‘கொட்டாஞ்சேனை’யைத் தேடி ஒரே விடை வருகிறதா என்று பார்ப்பது. நாளைக்கு வேறொருவர் அந்த இடத்தைக் கலைத்தால் அதுவே காட்டிக்கொடுக்கும்.

வேண்டாத மாற்றம் என்றதால், எண்ணிக்கைக்காக அனுப்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. திறந்த மூலப் பங்களிப்பை ஊக்குவிக்க டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் ஒக்டோபரில் நடத்தும் ஹக்டோபர்ஃபெஸ்டில், 2020ஆம் ஆண்டு நான்கு திருத்தக் கோரிக்கைகளுக்கு (புல் ரிக்வெஸ்ட்) ஒரு டி-ஷர்ட் என்றிருந்தது. ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லைக் கூட்டி அனுப்பியவர்கள் குவிந்ததில், விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டுமே என்று மாதத் தொடக்கத்திலேயே விதியை மாற்றவேண்டி வந்தது. சிவியில் ஒரு வரி கூட்டுவதற்காக நம் பிள்ளைகள் செய்வதும் சிலவேளை இதே ரகம்தான்.

‘வேறு வழி விரும்பினால்’

மறுப்பு வரும் என்று எதிர்பார்த்தே எழுதியது. மறுத்தால் காரணம் கேட்கலாம். சண்டை பிடிக்கக் கூடாது. பதிலே வராவிட்டால் ஒன்றிரண்டு கிழமை கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். தினமும் ‘அப்டேட் இருக்கா’ என்று கேட்பது தொல்லை.

‘உரிமை எனக்குண்டு’

லினக்ஸ் கருவில் 2004 முதல் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் இந்த உரிமையை உறுதிப்படுத்தும் ஓர் ஒப்பவரி கேட்கிறார்கள். வேறு பல திட்டங்களும் அதைப் பின்பற்றுகின்றன. வழமைக்கு எழுதும் வரியென்று நினைக்கவேண்டாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், வேலையின் பகுதியாக எழுதிய நிரலின் பொருளாதார உரிமை தொழில்கொள்வோருடையது. வேலையில் இருப்பவர்கள் நியமனக் கடிதத்தை ஒருதரம் வாசித்துவிட்டு அனுப்புங்கள்.