பானைக்குள்ள ஒரு பாம்பு

வானவில் போவா எண்டொரு பாம்பு இருக்கு. தென்னமெரிக்கக் காட்டுப் பாம்பு. வெளிச்சம் பட்டால் செதிலில் வானவில் நிறம் ஓடும். வெளிநாடுகளில் அதை வீட்டில் வளர்க்கிறவர்கள் கண்ணாடிப் பெட்டி, வெப்பமானி, ஈரப்பதமானி எல்லாம் வாங்கணும். ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கிட்ட நிற்கணும். குறைந்தால் சட்டை ஒழுங்காக உரியாது. கீழே பரப்புவது பெரும்பாலும் தேங்காய்த் தும்புத்தூள், நம்ம நாட்டிலிருந்தும் கப்பலேறுகிற அதே தூள்.

ஆனால் பாம்புக்கு இருப்பிடம் அமைத்த கதையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்தக் கண்ணாடிப் பெட்டி இல்லை. சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் போற கடற்கரை வீதியில், வடநெம்மேலியில் இருக்கிற மண்பானைதான்.

அந்தப் பானைகளின் சொந்தக்காரர் இருளர்கள். பாம்பு, எலி பிடிப்பதில் தலைமுறை அறிவு உள்ள பழங்குடிகள். ஒருகாலத்தில் தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தே அவர்களில் பலர் பிழைத்தார்கள். 1972 இல் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976 இல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்பு தப்பியது சரி, பிடித்தவன் என்ன செய்வான்? 1978 இல் ரொமுலஸ் விட்டேக்கர் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. இனிமேல் பாம்பைக் கொல்வதில்லை, விஷம் மட்டும் எடுப்பது என்பதுதான் ஏற்பாடு.

நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் என்று நாலு வகை. பானையின் அடியில் மணல், வாயில் பருத்தித்துணி கட்டு, அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பாருங்க. பானைக்குள் இருட்டு, அதனால் பாம்பு பதறாது. மண்சுவரில் நுண்துளைகள். மண்பானைத் தண்ணி ஏன் குளிருது எண்டு நமக்குத் தெரியும்தானே, அதே துளைகள்தான். உள்ளே சேர்கிற ஈரத்தைச் சுவர் உறிஞ்சி வெளியே விடும். மணல் கழிவின் ஈரத்தை இழுக்கும். துணி வழியாகக் காத்து போய்வரும். இவை போவா போல மழைக்காட்டுப் பாம்புகள் இல்லை. நனைந்த படுக்கையில் கிடந்தால் வயிற்றுச் செதில் புண்ணாகிப்போகும். ஈரப்பதமானி பார்த்துச் செய்கிற வேலையைப் பானை தன்பாட்டில் செய்யுது.

வாரம் ஒருதரம் விஷம் எடுப்பார்கள். ஒரு மாதமளவில் வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு உடனே திரும்பப் பிடிபட்டால் அடையாளம் காட்டிக்கொடுக்கும்.

இந்தச் சங்கத்தின் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017 இல் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே செல்லப்பிராணியாக வந்து, தப்பியோ கைவிடப்பட்டோ சதுப்புநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க. இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு பிடித்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்காரர் தவறவிட்டதைப் பானைக்காரர் பிடித்தார் எண்டு நான் சொன்னால் கோவிக்காதீங்க. 2023 இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

இதுக்கும் மட்டக்களப்புக்கும் என்ன? படுவான்கரையில் வேளாண்மை வெட்டுக்குப் போறவர்களைக் கேளுங்க. வயலில் எலி, எலிக்குப் பின்னால் கண்ணாடி விரியன். கடிபட்டால் விஷகடி வைத்தியர், நாகதம்பிரான் நேர்த்தி, பிறகு ஆஸ்பத்திரி. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கத்தவர்கள் பாதையேறித்தான் வாவியைக் கடந்தார்கள். அப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தபிறகு ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற மருந்து இந்தியாவில் தயாராவது. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது. அந்த விஷத்தில் பெரும்பகுதியைப் பல்லாண்டாகக் கொடுத்து வந்தது வடநெம்மேலிப் பானைகள்.

ஆனால் பானைக்குள் இருந்தது அங்கத்தைய பாம்பு. ஒரே இனமானாலும் இடத்துக்கிடம் விஷம் மாறும். நம்ம நாட்டுக் கண்ணாடி விரியனுக்கு அந்த மருந்து வேலை செய்யுது, ஆனால் நிறையக் குப்பி தேவைப்படும், ஒவ்வாமையும் அடிக்கடி வரும். சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும், மூக்கு மேலே தூக்கிய சின்ன விரியன் இலங்கையில் அதிகம் பேரைக் கடிக்கிற பாம்புகளில் ஒன்று. அது அந்த நாலு வகையில் இல்லை. அதன் கடிக்கு அந்த மருந்து கேட்பதுமில்லை.